ஊசியின்றி இரத்தம் அறிதல்

சென்ற பருவத்தின் இறுதியில் நம் விடுதி வாயிலுக்கு எதிரே ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். "காந்த ஒத்ததிர்வு முறையில் முழு உடற்பரிசோதனை, ஊசி இல்லை, ஒரே நிமிடம்" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, அதனோடு கம்பியால் இணைத்த கையடக்கமான ஓர் உலோகத் தண்டு. அவ்வளவுதான். தண்டை ஒரு நிமிடம் பிடித்திருந்தால் அச்சுப்பொறி முப்பது பக்கம் கக்கும். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, இரும்பு, ஈரலின் நலம் யாவும் அதில் உண்டு. நம் உணவுக்கூடத்தில் பரிமாறும் அண்ணாச்சியும் இருநூறு ரூபாய் கொடுத்து அந்தத் தண்டைப் பிடித்துவிட்டு வந்தார். பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ளவர் அவர். தாளில் சர்க்கரைக்கு நேரே "இயல்பு" என்று அச்சாகியிருந்தது. அன்று முதல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மருந்தகத்திற்குச் சென்று விரலைக் குத்திக்கொள்வதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, சோற்றுத் தட்டை என் முன் வைத்துக்கொண்டே, "தம்பி, நீங்க இயற்பியல் படிக்கிறவங்க. காந்தம் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உண்டுகொண்டே விடை கூற என்னால் இயலவில்லை. முழுப் பொய்யாயின் "பொய்" என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன். காந்த ஒத்ததிர்வினால் இரத்தத்தின் வேதியியலை ஊசியின்றி அறியலாம் என்பது மெய். அதற்கு நெடிய வரலாறு உண்டு. ஆனால் எதை அவ்வாறு அறியலாம், எதை அறிய இயலவில்லை, ஏன் இயலவில்லை என்பதில்தான் பொருள் இருக்கிறது. அண்ணாச்சிக்கு அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன். இயற்பியல் பயிலாத அன்பர்களும் உடன் வரலாம். கணக்குச் சிறிது உண்டு, கடினமன்று.

நீர் எழுப்பும் ஒலி

நம் உடலின் எடையில் பாதிக்கு மேல் நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அவற்றின் கரு ஒரு தனிப் புரோட்டான். அப்புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். அத்துடன் தன்னைத்தானே சுற்றும் தன்மையும் உடையது. வலிய காந்தப் புலத்தில் அதனை வைத்தால், சுழலும் பம்பரம் தலையை வட்டமிட்டு ஆட்டுவது போல அது ஆடத் தொடங்கும். மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படும் 1.5 டெஸ்லா காந்தத்தினுள் அந்த ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 லட்சம் முறை. அதே அதிர்வெண் உடைய வானொலி அலையை உள்ளே செலுத்தினால் புரோட்டான்கள் அதற்கு இசைந்து சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், சாய்ந்தவை ஆடியபடியே தாமும் அதே அதிர்வெண்ணில் ஒரு மெல்லிய ஒலியை எழுப்புகின்றன. ஒலி என்றது உவமைக்குத்தான். காதால் கேட்பதன்று, கம்பிச் சுருளால் கேட்பது. இதனை 1946-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டில் பெலிக்ஸ் பிளாக்கும் ஹார்வர்டில் எட்வர்டு பர்செலும் தனித்தனியே கண்டனர். 1952-இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வொலி எவ்வளவு மெல்லியது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். காந்தத்தினுள் புரோட்டான்கள் அனைத்தும் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அன்று. ஏறத்தாழச் சரிபாதி ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமுமாக நின்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகின்றன. 1.5 டெஸ்லாவில், உடல் வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டான்களுக்கு ஏறத்தாழ ஐந்துதான் மிச்சம். நமக்குக் கேட்பது அந்த ஐந்தின் குரல். நீர் மிகுதியாக இருப்பதால் அதுவே போதுமானதாகிறது. அந்த ஐந்தைப் பெறுவதற்காகத்தான் பல டன் எடையுள்ள காந்தத்தை, 269 பாகை உறைகுளிரில் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி வைக்கிறார்கள். புவியின் காந்தத்தை மட்டும் நம்பினாலோ, மிச்சம் ஆயிரம் கோடியில் ஒன்றிரண்டு.

எழுந்த ஒலி நீடிப்பதில்லை, தேய்ந்து மறைகிறது. ஓங்கி அடித்த கோயில் மணியின் மேல் ஒருவன் விரலை வைத்தால் ஓசை சட்டென்று அமுங்குமன்றோ? அதுபோல நீரின் அருகே வேறு சிறு காந்தங்கள் இருந்து புலத்தைக் குலைத்தால் அதன் ஒலியும் விரைந்து அமுங்கும். எவ்வளவு நேரத்தில் அமுங்குகிறது என்பதைத் தேய்வு நேரம் என்போம். மணியை மட்டும் கேட்டு, அதன்மேல் விரல் வைத்தவன் யார் என்று அறிவதுதான் இக்கலை. கட்டுரை முடியும் வரை இந்த மணியையும் விரலையும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இரும்பின் இரு முகம்

1845-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கையிற் கிடைத்த பொருளையெல்லாம் காந்தத்தின் முன் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உலர்ந்த இரத்தத்தையும் பார்த்தார். இரும்பு உள்ள பொருளாயிற்றே, காந்தம் இழுக்கும் என்று எதிர்பார்த்திருப்பார், இழுக்கவில்லை. புதிய இரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தமனி இரத்தத்தையும் சிரை இரத்தத்தையும் அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தால் ஒரு பெரிய உண்மை தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வெளிப்பட்டிருக்கக்கூடும்.

அவ்வுண்மையை 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் கண்டனர். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள் உண்டு. ஆக்ஸிஜனைத் தாங்காத நிலையில் அந்த இரும்பு ஒவ்வொன்றிலும் இணை சேராத நான்கு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஓர் எலெக்ட்ரானின் காந்த வலிமை புரோட்டானின் வலிமையைப் போல் 658 மடங்கு. எனவே ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும். ஆக்ஸிஜன் வந்து பிணைந்தவுடன் எலெக்ட்ரான்கள் இணை சேர்ந்துகொள்கின்றன, ஈர்ப்பு மறைகிறது. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட இரத்தம் மணியின்மேல் விரல் வைக்கிறது. ஏற்றிய இரத்தம் விரலை எடுத்துவிடுகிறது. இயற்கை நமக்காகவே செய்து வைத்த ஏற்பாடு போலத் தோன்றுகிறது.

இதனை நீரின் ஒலியோடு இணைத்துக் காட்டியவர்கள் ஆக்ஸ்போர்டில் தல்போர்னும் ராடாவும் அவர்தம் துணைவர்களும், ஆண்டு 1982. சோதனைக் குழாயிலிட்ட இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய நீரின் தேய்வு நேரம் சுருங்கியது. காந்தத்தின் வலிமை ஏற ஏற, அதன் இருமடிக்கு ஏற்ப அவ்விளைவு பெருகியது. எட்டாண்டுகள் கழித்து, 1990-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானியர் செய்ஜி ஒகாவா எலியின் மூளைப் படத்தில் கருங்கோடுகளைக் கண்டார். அவை சிரைகள். எலிக்குத் தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தபோது கோடுகள் மங்கின. மூளையின் எப்பகுதி வேலை செய்கிறது என்று இன்று படம் பிடிக்கிறார்களே, அதன் பிறப்பு அந்தக் கோடுகளில்தான். அது தனிக்கதை, விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது படமன்று, எண். 2008-இல் ஹான்ஜாங் லூவும் யூலின் கேயும் மண்டையோட்டின் உட்புறம் நடுவே ஓடும் பெருஞ்சிரையில் உள்ள இரத்தத்தின் தேய்வு நேரத்தை மட்டும் பிரித்து அளக்கும் ஒரு முறையை வகுத்தனர். அதிலிருந்து அந்த இரத்தத்தின் ஆக்ஸிஜன் விகிதம் கிடைக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு நூற்றுக்கு அறுபதிலிருந்து அறுபத்தைந்து என்ற அளவில் இருக்கும். இதை வேறு வழியில் அறிய வேண்டுமாயின் கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தித் தலைவரை கொண்டுபோக வேண்டும். நலமாக உள்ள ஒருவரிடம் அதைச் செய்ய எந்த மருத்துவர் துணிவார்?

இந்த ஓர் எண் கிடைத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின். அது ஏற்கக்கூடிய ஆக்ஸிஜன் 20 மில்லிலிட்டர். மூளைக்குள் போகும்போது நூற்றுக்கு 98, வெளிவரும்போது 63 என்றால், இறக்கிவிட்டது 35 பங்கு. அதாவது 7 மில்லிலிட்டர். மூளைக்கு நிமிடத்திற்கு 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்வதாகக் கொண்டால் மூளை உண்ணும் ஆக்ஸிஜன் நிமிடத்திற்கு 49 மில்லிலிட்டர். படுத்திருக்கும் ஒருவரின் மூளை எவ்வளவு எரிபொருள் செலவழிக்கிறது என்று ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் கணக்கெடுத்துவிட்டோம்!

பாய்வின் அளவு எங்கிருந்து வந்தது என்றால், அதையும் காந்தமே தருகிறது. இங்கே நம் நாட்டின் பங்கு ஒன்று உண்டு. பாட நூல்களில் அது கண்ணிற் படுவது அரிது. 1951-ஆம் ஆண்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் என்பார் குழாயில் ஓடும் நீர்மத்தின் ஒத்ததிர்வை ஆராய்ந்தார். நிற்கும் நீர்மம் வானொலி அலையை ஏற்று ஏற்றுச் சலித்துப்போகிறது. ஓடும் நீர்மத்திலோ சலிக்காத புதுப் புரோட்டான்கள் வந்துகொண்டே இருப்பதால் ஒலி வலுக்கிறது. பிளாக், பர்செல் ஆகியோரின் கண்டுபிடிப்புக்கு அப்போது ஐந்தே வயது. 1959-இல் கலிபோர்னியாவில் சிங்கர் என்பவர் சுண்டெலியின் வாலில் ஓடும் இரத்தத்தை ஒத்ததிர்வினால் அளந்தார். இன்றைய மருத்துவமனைக் கருவி பாய்வை அளக்கும் முறைகள் பலவாறு வளர்ந்துவிட்டன. எனினும், ஓடும் நீர் வேறு ஒலி எழுப்பும் என்ற செய்தி பெங்களூரில் முன்னரே கேட்டது.

ஒரு தடையையும் சொல்லிவிட வேண்டும். தேய்வு நேரத்திலிருந்து ஆக்ஸிஜனுக்கு வர ஓர் அளவுமாற்றுக் கோடு வேண்டும். அக்கோடு இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்து மாறும். அணுக்களின் இயல்பே மாறியிருந்தால் கோடும் மாறும். அரிவாள் அணு நோய் உடையவர்களுக்கு நலமுள்ளோரின் கோட்டைப் பயன்படுத்தினால் தவறான எண் வரும்; அவர்களுக்கெனத் தனிக்கோடு வகுத்திருக்கிறார்கள். 1952-இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான் அந்த அணு இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், இது நமக்கு ஏதோ அயல்நாட்டு நுணுக்கமன்று.

உயிர் காத்த அளவை

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவை. மருத்துவமனையில் நாள்தோறும் பயன்படுவது, இரத்தத்தை அளப்பதன்று. இரத்தம் விட்டுச் சென்றதை அளப்பது.

தலசீமியா என்னும் பிறவி நோயில் உடல் போதிய ஹீமோகுளோபினை ஆக்குவதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. உடலிலிருந்து இயல்பாக வெளியேறுவதோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிகுந்தது ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. இதயத்தில் படிந்த இரும்பு ஒருநாள் அதனை நிறுத்திவிடுகிறது. இரும்பை வெளியேற்ற மருந்துகள் உண்டு. யாருக்கு எவ்வளவு, எப்போது என்று அறிவதில்தான் இடர். இரத்தத்தில் உள்ள பெரிட்டின் என்ற புரதத்தை அளந்து ஊகித்தார்கள். அல்லது ஈரலில் ஊசியைப் பாய்ச்சித் துணுக்கு எடுத்தார்கள். இதயத்தில் அவ்வாறு எடுப்பது இன்னும் கொடிது.

2001-இல் இலண்டனில் ஆண்டர்சனும் பென்னலும் மற்றவர்களும், இதயத் தசையின் தேய்வு நேரம் 20 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் இரும்பு ஆபத்தான அளவை நோக்கிச் செல்கிறது என்று காட்டினர். இரும்பு மிகுந்தால் விரல் அழுத்தமாகப் படுகிறது. மணி விரைவில் ஓய்கிறது. அவர்கள் கண்ட மற்றொன்று என்னை வியக்கச் செய்தது. பெரிட்டின் அளவுக்கும் இதய இரும்புக்கும் நம்பத்தக்க தொடர்பே காணப்படவில்லை. ஈரலின் இரும்புக்கும் இதயத்தின் இரும்புக்கும்கூட இல்லை. அதாவது, ஊசி குத்தி எடுத்த இரத்தம் "அஞ்சற்க" என்று சொன்ன பிள்ளைக்கு இதயத்தில் இரும்பு குவிந்திருக்கலாம். இம்முறையும் மருந்துகளும் சேர்ந்து பரவிய பின் பிரிட்டனில் தலசீமியா நோயாளிகள் இதய இரும்பால் மாள்வது பெரிதும் குறைந்தது. ஊசியைவிடக் காந்தம் மெய் சொன்ன இடம் இது. அண்ணாச்சியின் கேள்விக்கு "காந்தம் பொய் சொல்லாது" என்று விடையளிக்க என் நா எழுந்தது இதனால்தான்.

சர்க்கரையின் கணக்கு

சர்க்கரைக்கு வருவோம். குளூகோஸில் இரும்பு இல்லை. இணை சேராத எலெக்ட்ரானும் இல்லை. அது மணியின்மேல் அழுத்தமாக விரல் வைப்பதில்லை. எனவே நீரைக் கேட்டு அதனை அறியும் எளிய வழி அடைபட்டுவிட்டது. மற்றொரு வழி, குளூகோஸின் புரோட்டான்களையே நேராகக் கேட்பது. ஒவ்வொரு மூலக்கூறின் புரோட்டானும் தன் சூழலுக்கேற்பச் சிறிதே வேறுபட்ட சுருதியில் ஒலிக்கும். வேதியியல் மாணவர் இதனை நன்கு அறிவர்.

வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் சர்க்கரை என்று கொள்வோம். லிட்டருக்கு 5 மில்லிமோல். அதே ஒரு லிட்டர் இரத்தத்தில் நீர் 800 கிராம், 44,000 மில்லிமோல், அதன் புரோட்டான்கள் 88,000. குளூகோஸ் நீரில் ஆல்பா, பீட்டா என இரு வடிவில் இருக்கிறது. அதன் புரோட்டான்களிற் பல மற்றப் பொருள்களின் நெரிசலுக்குள் ஒலிக்கின்றன. தனியே கேட்கத்தக்க முதற்கரியின் புரோட்டான் பீட்டா வடிவில் நீரின் சுருதிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. எஞ்சியது ஆல்பா வடிவின் ஒரு புரோட்டான். ஆல்பா நூற்றுக்கு 36 பங்கு, ஆகவே 1.8 மில்லிமோல். 88,000-ஐ 1.8-ஆல் வகுத்துப் பாருங்கள். நீரின் பேரொலிக்குப் பக்கத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கான முனகல் அது. இரண்டுக்கும் இடையே உள்ள சுருதி வேறுபாடு 1.5 டெஸ்லாவில் விநாடிக்கு முப்பது அதிர்வுக்குச் சற்று மேல். திருவிழா மேளத்தின் அருகே நின்று கொசுவின் சுருதியைக் குறித்துக்கொள்வது போலத்தான்.

அதுவும் "சர்க்கரை உண்டு" என்று சொன்னாற் போதாது. 100 மில்லிகிராம் இருந்தால் நலம். 60 ஆனால் மயக்கம். அவ்விரண்டையும் பிரித்தறிய, நீரின் ஒலியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவான மாற்றத்தைத் தவறாமல் காண வேண்டும். துடிக்கும் தமனியில், கொழுப்பும் தசையும் சூழ்ந்திருக்க, ஒவ்வொரு வேளையும்.

குழாயில் இட்ட இரத்தத்தை ஒத்ததிர்வுக் கருவி நன்றாகவே படிக்கிறது. 1973-இல் மூனும் ரிச்சர்ட்ஸும் பாஸ்பரஸ் கருவின் சுருதியைக் கொண்டே சிவப்பணுவின் உள்ளே உள்ள அமில கார நிலையை அணுவை உடைக்காமல் அளந்தார்கள். ஆனால் குழாய் என்றாலே ஊசி வந்துவிட்டதே! உடலுக்குள்ளும் சர்க்கரையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. 1990-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன் குழுவினர், நீரிழிவாளரின் தசையில் சர்க்கரை கிளைகோஜனாகச் சேமிக்கப்படும் வேகம் மற்றவரைவிடப் பாதிக்கும் குறைவு என்று கார்பன்-13 ஒத்ததிர்வினால் கண்டனர். நீரிழிவைப் பற்றிய அறிவை ஆழப்படுத்திய ஆய்வு அது. அதே பல்கலைக்கழகத்தில் 1992-இல் மனித மூளையின் குளூகோஸையும் அளந்தனர். இயற்கையில் கார்பன்-13 நூற்றுக்கு ஒன்றுதான் என்பதால் அது செறிந்த குளூகோஸைத் தனியே செலுத்த வேண்டியிருந்தது. எதன் வழியே? சிரையில் ஊசி குத்தித்தான்.

காந்த முறையை விட்டு ஒளி முதலிய பிற வழிகளிலும் பலர் முயல்கின்றனர். எனினும் 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரம், மோதிரம் ஒன்றுக்கும் தான் இசைவு அளிக்கவில்லை என்றும், அவற்றை நம்பி மருந்தின் அளவை மாற்றுவது உயிருக்குக் கேடு என்றும் எச்சரித்தது. புயத்தில் ஒட்டிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை நல்லவை, ஆனால் அவற்றிலும் மயிரிழை போன்ற ஒரு நுண்முனை தோலுக்குள் இறங்கியிருக்கிறது.

இனி அந்தத் தண்டு. அதில் வலிய காந்தம் இல்லை என்று அறியக் கருவி வேண்டியதில்லை. என் சட்டைப்பையில் இருந்த அறைச் சாவி அதனருகே அசையவே இல்லை. வேதியியல் துறை நண்பர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பந்தல் பிரிப்பதற்கு முதல்நாள், இருநூறு ரூபாய் கட்டிவிட்டு, கையால் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்டின்மேல் ஈரத்துண்டைச் சுற்றி வைத்தார். மேசைக்கு அப்பால் இருந்தவர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார். முப்பது பக்கம் வந்தது. துண்டுக்கு ஈரல் நலமாக இருந்தது; சர்க்கரை இயல்பு; கண்பார்வை மட்டும் சற்றே குறைவு.

அந்தத் தாளையும் அண்ணாச்சியின் தாளையும் அருகருகே வைத்து அவரிடம் காட்டினோம். ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற கணக்கையும் சொன்னேன். அதைவிடத் துண்டின் கண்பார்வைதான் அவர் மனத்தைத் தொட்டது. சிரிக்கவில்லை. "இருநூறு ரூபாய் போகட்டும் தம்பி, பத்து நாள் மாத்திரை போச்சே" என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மருந்தகத்திற்கு என்னையும் உடன் அழைத்துப் போனார். விரலை நீட்டினார். 238.